காதுக்குக் கீழே வலியில்லாத கட்டியா? கத்தி வைக்கும் முன் எம்ஆர்ஐ ஏன் எடுக்கணும்?

காது மடலுக்குக் கீழே, தாடை வளையும் இடத்தில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. வலி இல்லை. "கொழுப்புக் கட்டியாத்தான் இருக்கும்" என்று வருஷக்கணக்கில் விட்டுவிடுபவர்கள் உண்டு. "சின்ன கட்டிதானே, கிளினிக்கிலேயே கீறி எடுத்துடலாம்" என்று போகிறவர்களும் உண்டு. இரண்டுமே தப்பு. இரண்டாவது ரொம்பவே தப்பு.

ஏன்னா, அந்த இடத்தில்தான் 'பரோடிட்' என்ற பெரிய உமிழ்நீர்ச் சுரப்பி இருக்கு. பொன்னுக்கு வீங்கி வந்தால் தங்கச் சங்கிலி போட்டுவிடுவார்களே, அப்போது வீங்குவது இதுதான். (வீக்கம் தானாக வற்றும், சங்கிலிக்கு அதில் பங்கில்லை.) இந்தச் சுரப்பிக்குள்தான் முக நரம்பு கிளை பிரிந்து ஓடுகிறது. கண்ணை மூடுவது, சிரிப்பது, குடித்த தண்ணீர் ஓரமாக ஒழுகாமல் இருப்பது எல்லாம் அந்த நரம்பின் வேலை. தெரியாமல் கீறினால் ஒரு பக்க முகம் கோணிவிடலாம்.

எம்ஆர்ஐயில் என்ன தெரியும்?

முதலில் அல்ட்ராசவுண்ட் எடுப்பார்கள். ஆனால் தாடை எலும்புக்குப் பின்னால் இருக்கும் ஆழமான பகுதி அதில் சரியாகத் தெரியாது. எம்ஆர்ஐ அதையும் காட்டும், கதிர்வீச்சும் கிடையாது. நரம்பின் கிளைகள் வழக்கமான எம்ஆர்ஐயில் தெளிவாகத் தெரிவதில்லை. பக்கத்தில் ஓடும் ரத்தக் குழாயை அடையாளமாக வைத்து, கட்டி நரம்புக்கு மேலா, அடியிலா என்று கணிப்பார்கள். ஆபரேஷன் திட்டமே இதை வைத்துத்தான்.

கட்டியின் குணமும் ஓரளவு பிடிபடும். குறிப்பிட்ட ஒரு வகைப் படத்தில் பளிச்சென்று வெள்ளையாக, ஓரம் தெளிவாக இருந்தால் பெரும்பாலும் சாதாரணக் கட்டி. கறுத்து, ஓரம் கலைந்து, பக்கத்துத் தசைக்குள் புகுந்திருந்தால் புற்றுநோய் சந்தேகம். பீடி, சிகரெட் பிடிப்பவர்களிடம் அதிகம் காணப்படும் 'வார்தின்' கட்டியில், ஊசியில் ஏற்றும் மருந்து சட்டென்று ஏறி சட்டென்று இறங்கும்.

அப்போ புற்றுநோயா?

பயப்பட வேண்டாம். பரோடிட் கட்டிகளில் 10-ல் சுமார் 8 சாதாரணக் கட்டிகள்தான். தாடைக்கு அடியில் உள்ள சுரப்பியில் வந்தால் கிட்டத்தட்ட பாதி புற்றுநோயாக இருக்கலாம். நாக்குக்கு அடியில் வந்தால் பெரும்பாலும் புற்றுநோய்தான். சுரப்பி சிறுசாக ஆக, சந்தேகம் பெருசு.

எம்ஆர்ஐ சொல்வது கடைசித் தீர்ப்பு அல்ல. சில புற்றுகள் படத்தில் சாதுவாகத் தெரியும். அதனால் மெல்லிய ஊசியால் செல்களை எடுத்தும் பார்ப்பார்கள். ஊசி குத்தினால் ரத்தம் கசிந்து படத்தைக் குழப்பலாம். முடிந்தால் ஸ்கேன் முதலில் எடுப்பது நல்லது. சாதாரணக் கட்டி என்றாலும் பெரும்பாலும் எடுக்கச் சொல்வார்கள். அதிகம் வரும் வகை, ஆண்டுகள் போகப் போக புற்றாக மாறலாம். கட்டியை மட்டும் பிதுக்கி எடுத்தால் திரும்பவும் முளைக்கும்.

நெல்லையில் எங்கே போகணும்?

அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, முக்கூடல் பக்கம் உள்ளவர்கள் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவை அணுகலாம். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு கொண்டு போங்க.

ஸ்கேன் அறைக்குள் மூக்குத்தி, மெட்டி, அரைஞாண் கொடி, சேலையில் குத்திய ஊக்கு எதுவும் கூடாது. பேஸ்மேக்கர், சிறுநீரகக் கோளாறு இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்க. அரை மணி நேரம்போல அசையாமல் படுத்திருக்கணும்.

சாப்பிடும்போது மட்டும் வீங்கி அடங்கினால் அது அநேகமாக சுரப்பிக் குழாயில் கல்; அதற்கு பெரும்பாலும் எம்ஆர்ஐ தேவைப்படாது. ஆனால் கட்டி திடீரென்று பெருத்தாலோ, வலித்தாலோ, ஒரு கண் மூட முடியாமல் போனாலோ அந்த வாரமே டாக்டரைப் பாருங்க.