மூன்று மெய்யெழுத்தில் ஒரு குடும்பம்

குழந்தையின் கையில் பொம்மையைக் கொடுக்க வேண்டும்; ஆனால் பொம்மைக்குப் பாஷையில் வார்த்தை இல்லை! குளிப்பாட்டித் துடைக்கிற துண்டுக்கும் வார்த்தை இல்லை. தாய் என்ன செய்வாள்?

1882-ல் ஜெருசலேம் நகரில் தெவோரா என்ற இளம் மனைவிக்கு நேர்ந்த சங்கடம் இது. அவருடைய கணவர் எலியேசர் பென் எஹூதா மகா பிடிவாதக்காரர். ருஷ்ய சாம்ராஜ்யத்தில் பிறந்தவர். முந்தின ஆண்டுதான் ஜெருசலேமில் குடியேறியிருந்தார். பிரார்த்தனைக்கும் ஏட்டுக்கும் உரியதாக இருந்த ஹீப்ரு, வீட்டில் பேசும் பாஷையாக வேண்டும் என்பது அவர் வைராக்கியம். பிறந்த மகன் காதில் வேறு பாஷையே விழக்கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார். ஒரு நாள் தெவோரா தம்மை மறந்து ருஷ்யத் தாலாட்டு ஒன்றைப் பாடினாராம். கணவர் கோபத்தில் மேஜையை உடைத்துவிட்டார் என்று அந்த மகனே பிற்காலத்தில் எழுதி வைத்திருக்கிறார். லட்சியம் பெரியதுதான், ஆனாலும் தாலாட்டுக்காக மேஜையை உடைத்தவரை நம் சகோதரிகள் யாரும் மெச்சப் போவதில்லை!

சரி, இல்லாத வார்த்தைக்கு எங்கே போவது? இங்கேதான் ஹீப்ருவின் அமைப்பு கை கொடுத்தது. அதில் பெரும்பாலான சொற்களுக்கு வேர் மூன்று மெய்யெழுத்துக்கள். தமிழில் 'எழுது' என்பதோடு பின்னால் சேர்த்து எழுத்து, எழுத்தாளர் என்று நீட்டுகிறோம். ஹீப்ருவிலோ மெய்கள் நிற்க, நடுவே உயிரெழுத்துக்கள் மாறி மாறி வந்து உட்காரும். 'க்-த்-ப்' என்ற வேரைப் பாருங்கள். (ப் சில இடங்களில் மெலிந்து வ் ஆகும்.) 'கதவ்' என்றால் எழுதினான், 'மிக்தாவ்' கடிதம், 'க்தோவெத்' விலாசம், 'கத்தவா' பத்திரிகைக் கட்டுரை, 'கெதுபா' கல்யாண ஒப்பந்தம். தபால்காரர் கொண்டு வருவதும் கல்யாணப் பத்திரமும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்!

முன்னால் 'ம' அல்லது 'மி' வந்தால் பல சமயம் அது இடமாகவோ கருவியாகவோ இருக்கும். 'பதஹ்' திறந்தான்; 'மஃப்தேயஹ்' சாவி. 'மதர்' மழை, 'மித்ரியா' குடை. சமையலறை 'மித்பாஹ்'. இதன் வேரைக் கேட்டால் கொஞ்சம் திடுக்கிடும்: ஆதியில் அது வெட்டுதல், கொல்லுதல்! ஆட்டை அறுத்தவரே சமைத்த காலத்துச் சொல். குளிர்சாதனப் பெட்டி 'மெக்கரேர்' - குளிர வைப்பது. பிற்காலத்தில் கம்ப்யூட்டர் வந்தபோதும் யாரும் திண்டாடவில்லை. சிந்தனைக்குரிய வேரிலிருந்தே 'மஹ்ஷேவ்' என்று பெயர் வைத்தார்கள். ஹோட்டலில் சாப்பிட்டபின் கேட்கிற பில்லும் அதே வேரில் பிறந்த 'ஹெஷ்போன்'தான்.

தெவோராவின் துண்டு என்ன ஆயிற்று? உலர்தலைக் குறிக்கும் வேரிலிருந்து பென் எஹூதா 'மகெவெத்' என்று அமைத்தார். நெகேவ் பாலைவனத்துக்கும் வேர் அதுவே. பொம்மை 'பூபா' ஆயிற்று. பழைய ஏடுகளில் உறைபனியைக் குறித்த சொல்லை ஒட்டி ஐஸ்கிரீமுக்கு 'க்லிதா' வந்தது. தக்காளி விஷயத்தில் மட்டும் அவர் ஜம்பம் சாயவில்லை. 'பதூரா' என்று சொல்லிப் பார்த்தார். ஊரார் மோகத்தைக் குறிக்கும் வேரிலிருந்து வந்த 'அக்வானியா'வையே பிடித்துக்கொண்டார்கள். காய்கறி வாங்கப் போகிறவர்கள் பண்டிதர் பேச்சைக் கேட்பார்களா?

தினமும் காதில் விழும் 'ஷாலோம்' வெறும் சமாதானம் அல்ல. அதன் வேருக்கு முழுமை என்று பொருள். கடனைத் தீர்ப்பதும் 'லெஷலேம்' - பாக்கி வைக்காமல் முழுசாக்குவது. நலம் விசாரிக்கும்போது ஆணிடம் 'மா ஷ்லோம்ஹா', பெண்ணிடம் 'மா ஷ்லோமேஹ்' என்று மாற்றிக் கேட்க வேண்டும். ஓய்வு நாளான 'ஷபாத்'துக்கும் தொழிலாளர் வேலைநிறுத்தமான 'ஷ்விதா'வுக்கும் ஒரே வேர். எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது இன்னொரு ஜோடி: 'ரெஹெம்' கருப்பை, 'ரஹமிம்' இரக்கம்.

நமக்கும் அங்கே ஒரு தூரத்து உறவு உண்டு. பைபிளில் சாலமோன் ராஜாவுக்குக் கப்பலில் வந்த பொருள்களில் 'துக்கி' என்ற பறவையும் ஒன்று. அது மயில்தான், நம் 'தோகை'யே அப்படிக் கடல் கடந்து போயிற்று என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள். இன்றைய ஹீப்ருவில் 'துக்கி' என்றால் கிளி!

தெவோரா இதையெல்லாம் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. 1891-ல் க்ஷயரோகத்தால் இறந்தார். அவருடைய தங்கை ஹெம்தாவைப் பென் எஹூதா மணந்தார். அந்த அம்மாளும் ஹீப்ருவைக் கற்றுக் கணவரின் பத்திரிகையில் எழுதினார். 1922-ல் பிரிட்டிஷ் ஆட்சி ஆங்கிலம், அரபுடன் ஹீப்ருவையும் பாலஸ்தீனத்தின் அரசாங்க மொழியாக ஏற்றது. அந்த டிசம்பரில் பென் எஹூதா காலமானார். அவருடைய பேரகராதி பாதியில் நின்றது. அதை முன்னே நடத்திச் செல்ல ஹெம்தா 1951-ல் தாம் இறக்கும் வரை பாடுபட்டார். 17 தொகுதிகளும் முடிந்தது 1959-ல். அகராதிக்கு ஹீப்ருவில் 'மிலோன்' என்று பெயர்; 'மிலா' என்றால் சொல். அந்த வார்த்தையும் பென் எஹூதா ஆக்கியதுதான்.