காம்பிற் படிந்த கறள்

எனது தாய்வழிப் பேரனார் மலாயாவிலே புகையிரதப் பகுதியில் உத்தியோகம் பார்த்தவர். 1942 தொடக்கம் 1945 வரை அந்நாடு யப்பானியர் கைப்பட்டிருந்த காலத்தில் அவர் கோலாலம்பூரில் இருந்தார். பின்னர் இளைப்பாறி ஊர் திரும்பியபோது அவர் கொண்டுவந்த பொருள்கள் மிகச் சில: ஒரு தகரப்பெட்டி, ஒரு மணிக்கூடு, துணியாற் சுற்றிய ஒரு வாள். சரணடைந்த யப்பானியப் படையதிகாரி ஒருவரின் வாள் அது என்பது மட்டும் வீட்டில் எல்லார்க்கும் தெரியும். தம் கைக்கு அஃது எவ்வாறு வந்தது என்பதை அவர் ஒருபோதும் சொன்னதில்லை. கேட்கும் துணிவும் எவர்க்கும் இருந்ததில்லை. பெட்டியின் அடியிற் கிடந்த அதனை ஆச்சி ஆண்டுக்கொருமுறை, ஆயுத பூசையன்று மாத்திரம், வெளியே எடுத்து உறையின்மேற் சந்தனம் வைப்பார்.

எனக்குப் பதின்மூன்று வயதானபோது அவ்வாளின் பிடி ஒருநாட் கழன்றுவிட்டது. பிடியையும் அலகையும் பிணைத்திருந்த சிறு மூங்கிலாணி உளுத்து உதிர்ந்ததே காரணம். பிடிக்குள் மறைந்து கிடந்த காம்பு வெளிப்பட்டது. அதன்மேல் தடித்த கறள். கறளின் அடியில் உளியாற் பொளித்த எழுத்துகள்! எழுத்தென்றால் அக்காலத்திலேயே எனக்குப் பித்து. ஏட்டுச்சுவடியிற் கரிபூசி எழுத்தை விளக்கும் வழக்கத்தைக் கண்டிருந்தவன் யான். இரும்பேட்டை விளக்க வேறு வழி தேடினேன். தேசிக்காய்ப் புளியும் செங்கற்றூளும் தென்னந்தும்பும் கொண்டு இரண்டு நாள் இருந்து தேய்த்தேன். எழுத்துகள் தெளிந்தன, காம்பு வெள்ளிபோற் பளபளத்தது. பேரனார் அப்போது உயிரோடில்லை. ஆச்சி என் கெட்டித்தனத்தை மெச்சினார். எழுத்துகளைப் பார்த்தபடியே ஒரு கொப்பித்தாளில் எழுதி வைத்தேன்.

1995 ஒக்ரோபரில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது வாள் வீட்டோடு கிடந்தது. மீண்டு வந்து பார்த்தபோது அங்கில்லை. தாள் மட்டும் நன்னூற் காண்டிகையுரைப் புத்தகத்துக்குள் இருந்து என்னோடு வந்தது. அத்தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே 2019இல் தோக்கியோ நகருக்குச் சென்றேன். அங்கே பொறியியலாளராயிருக்கும் என் பழைய மாணாக்கர் ஒருவர், பழைய வாள்களைப் புதுக்கும் முதியவர் ஒருவரின் பட்டறைக்கு என்னை அழைத்துச் சென்றார். பட்டறையில் நிகழ்ந்ததைக் கூறுமுன் யப்பானிய வாளைப்பற்றி யான் அறிந்தவற்றைச் சொல்லிவிடுவது நன்று. அன்றேல் அம்முதியவர் என்னிடம் கேட்ட வினாவின் கனம் வாசகர்க்கு விளங்காது.

யப்பானிய வாள் சுரங்க இரும்பிற் பிறப்பதன்று. இரும்பு மணலையும் மரக்கரியையும் களிமண் உலையில் மாறிமாறி இட்டு மூன்று பகலும் மூன்று இரவும் ஊதுகின்றனர். உலையை உடைத்தே உருக்கை எடுத்தல் வேண்டும். அடுத்த முறைக்குப் புதிய உலை. ‘தத்தாரா’ எனப்படும் இவ்வுலை சிமானே மாநிலத்து மலைப்பகுதியில் 1977ஆம் ஆண்டு மீண்டும் மூட்டப்பட்டது. அங்கிருந்து வரும் உருக்கைக் கொல்லன் காய்ச்சி, அடித்து, மடித்து, மீண்டும் அடிக்கிறான். பத்துப் பன்னிரண்டு முறை மடித்தால் ஆயிரக்கணக்கான படலங்கள் உண்டாகும். அலகின் முதுகிலே தடிப்பாகவும் வாய்ப்புறத்தில் மெல்லியதாகவும் களிமண் பூசி, நெருப்பிற் சிவக்கக் காய்ச்சி, நீரில் தோய்க்கிறான். நம் ஊர்க் கொல்லர் கத்திக்குத் தோய்ச்சல் போடுவதும் இவ்வினத்ததே. களிமண்ணின் நுட்பம் மட்டும் அவர்க்குரியது. வாய்ப்புறம் விரைந்து ஆறி வைரமாகும். முதுகு மெல்ல ஆறி முறியாத்தன்மை பெறும். இரண்டும் சந்திக்கும் எல்லை அலகின்மீது வெண்மேகக் கரைபோலத் தோன்றும். ‘ஹாமோன்’ என்னும் இக்கரையின் வடிவு கொல்லனுக்குக் கொல்லன், குருமரபுக்குக் குருமரபு வேறுபடும்.

ஆகவே வாளைக் கொண்டு அதன் ஆசிரியனை அறியலாம் என்பது யப்பானியர் துணிபு. யமாசிரோ, யமாத்தோ, பிசென், சோசு, மினோ என ஐந்து மரபுகளை வகுத்திருக்கின்றனர். வாள்மதிப்போர் கூடுமிடத்தில் ஒரு வழக்கம் உண்டு. காம்பைத் துணியால் மூடி அலகை மட்டும் காட்டுவர். வந்தவர் ஒவ்வொருவராக எடுத்து, விளக்கின் முன் சாய்த்துப் பார்த்து, ஆக்கியோன் பெயரைத் தாளில் எழுதிக் கொடுத்தல் வேண்டும். பார்க்குங்கால் வாய்திறந்து பேசலாகாது. எச்சிற்றுளி பட்டாலும் இரும்பு கறைப்படும். ஆசிரியர் பெயரில்லாத தனிப்பாடலை நடுவில் வைத்து, நடையைக் கொண்டு புலவனைச் சொல்லுக என்று நம் பண்டிதர்களைக் கேட்டால் எத்தனை பேர் தேறுவோம் என்று எண்ணிக்கொண்டேன். யான் தேறுவேன் என்று சொல்லமாட்டேன்.

பல நூற்றாண்டுகளாக இம்மதிப்பீட்டை நடாத்தியவர்கள் ஹொனாமி என்னும் குடும்பத்தார். எழுத்தழகாலும் மட்கலத் தொழிலாலும் புகழ்பெற்ற ஹொனாமி கோயெத்சு (1558–1637) இக்குடும்பத்தவரே. அவர்கள் மதிப்பை எழுதி மடித்துக் கொடுத்த தாளுக்கு ஒரிகாமி என்று பெயர். ஒரிகாமி உடையது என்றால் ஐயமற்றது என்று இன்றும் அம்மொழியிற் பொருள். 1719இல் சோகுன் யோசிமுனேயின் ஆணைப்படி நாட்டின் பெயர்பெற்ற வாள்களுக்கு அட்டவணை வகுத்தவர்களும் அவர்களே. 1948இல் நிறுவப்பட்ட கலைவாட் பாதுகாப்புச் சங்கம் இன்று சான்றிதழ் வழங்குகின்றது.

அலகு இவ்வளவும் சொல்லுமாயின் காம்பு எதற்கு? காம்பே கடைசிச் சாட்சி. அலகு தீட்டுந்தோறும் புதிதாகும். காம்பை எவரும் தீட்டார். கொல்லன் இட்ட அரத்தின் கோடுகள் அதிலே சாய்ந்தோ நேராகவோ கிடக்கும். அவன் பெயர் கிடக்கும். இவற்றின்மேல் நூற்றாண்டுகள் கறளாகப் படியும். பழைய கறள் கருமையாய், மென்மையாய், எங்கும் ஒருபடித்தாய் இருக்கும். புதிய கறள் சிவந்து பொருபொருத்திருக்கும். பெயரெழுத்தின் குழிக்குள் இருக்கும் கறளும் சுற்றியுள்ள கறளும் ஒருநிறமாயின், பெயர் காம்போடு பிறந்தது. வேறாயின் எவனோ பின்னாற் பொளித்தது.

பெயர் இழந்த வாள்களும் பல. போர்முறை மாறியபோது நெடுவாள்களை அடியிற் குறைத்துக் குறுக்கினர்; குறைத்த துண்டோடு பெயரும் போயிற்று. பெயரைப் போகவிட மனமில்லாத சிலர், பெயருள்ள பட்டையை வெட்டாமல் மறுபுறம் மடித்துக் காம்பிற் பதித்தனர். இவ்வாறு மடித்த பெயருடைய வாளொன்றை அருங்காட்சியகத்திற் கண்டபோது நெடுநேரம் அவ்விடம் விட்டு அகல முடியவில்லை. எழுத்துகள் தலைகீழாய்க் கிடந்தன. ஆயினும் கிடந்தன.

பொய்ப்பெயரின் கதை வேறு. 17ஆம் நூற்றாண்டினரான நகசோனே கொத்தெட்சு முன்னர்க் கவசம் செய்தவர். ஏறத்தாழ ஐம்பது வயதளவிலே வாட்டொழிலுக்கு வந்தார். ஐம்பதைக் கடந்த எனக்கு இச்செய்தி தனியின்பம் தந்தது. அவர் தம் பெயரைத் தொடக்கத்திற் ‘பழைய இரும்பு’ என்று பொருள்படும் எழுத்துகளால் எழுதினார். பின்னர் அதே ஒலிக்குப் ‘புலி’யைக் குறிக்கும் எழுத்தை எடுத்துக்கொண்டார். அப்புலியெழுத்தையும் ஒரு காலத்தில் ஒருவிதமாகவும் மறுகாலத்தில் வேறுவிதமாகவும் வரைந்தார். அவர் வாளுக்கு மதிப்பு மிகுந்தமையாற் போலிகள் பெருகின. கொத்தெட்சு என்ற பெயரைக் கண்டால் முதலிற் பொய்யென்றே கொள்க என்பது அங்கே பழமொழிபோல வழங்குகின்றது.

இனிப் பட்டறை. தாழ்ந்த இருக்கையில் அமர்ந்து, கற்களை வரிசையாய் அடுக்கி, நீர்த்தொட்டியை அருகில் வைத்திருந்தார் முதியவர். கூராக்குவது தம் வேலையன்று, உள்ளதைக் காட்டுவதே வேலை என்றார். பருங்கல்லிற் தொடங்கி மென்கல்லுக்கு வருவார். இறுதியில் இலைபோன்ற மெல்லிய கற்றுண்டுகளைப் பெருவிரலின் கீழ் வைத்து அலகின்மீது நகர்த்துவார். ஒரு வாளுக்கு வாரக்கணக்கிற் செல்லும். ஒவ்வொரு தீட்டலிலும் உருக்கின் தோல் சிறிது தேயும். தேய்ந்து தேய்ந்து உள்ளிரும்பு வெளிப்பட்டுவிட்டால் அவ்வாள் களைத்துவிட்டது என்பர். ஆதலால் வந்த வாள்களிற் பலவற்றைத் தொடாமலே திருப்பிவிடுவாராம். கராம்பெண்ணெய் மணக்கும் எண்ணெயை மெல்லெனப் பூசி, சோற்றுப்பசையால் ஒட்டிய வெள்ளைமர உறையிலிட்டு வைத்தாற் போதும் என்றார். சோற்றுப்பசை ஏன் என்றேன். உட்புறம் அழுக்குற்றால் உறையைப் பிளந்து துடைத்து மீண்டும் ஒட்டவேண்டுமே என்றார்.

புதுக்குவோரின் பிழைக்கு அவர் சொன்ன சான்று வாளன்று, கவசம். தோக்கியோவின் மேற்கே மித்தாக்கே மலைக்கோயிலில் 12ஆம் நூற்றாண்டின் கவசம் ஒன்று உண்டு. ஹத்தாக்கேயாமா சிகெத்தாதா என்னும் வீரர் காணிக்கையாக அளித்ததென்பர். அரக்குமெருகிட்ட செதில்களைச் செம்பட்டுக் கயிற்றாற் கோத்தது. 1903இல் அறுந்த கயிறுகளை மாற்றியோர் அக்காலத்துச் செயற்கைச் சாயத்தை நம்பினர். நூறாண்டு செல்லுமுன்னே புதுக்கயிறு வெளிறிவிட்டது. எண்ணூறு ஆண்டுக்கு முன் மஞ்சிட்டி இனத்து வேரிற் தோய்த்த பழங்கயிறோ இன்றும் சிவந்தேயிருக்கின்றது. பின்னொருநாள் அதனைச் சென்று கண்டேன். எது பழையது, எது புதியது என்று எவரும் சொல்லத் தேவையில்லை.

பேரனாரின் வாளைப்பற்றிக் கூறினேன். போர்க்காலத்து வாள்களிற் பெரும்பாலன ஆலையுருக்கிற் செய்து எண்ணெயிற் தோய்த்தவை. கலைப்பொருளென்று யப்பானியச் சட்டம் இன்று அவற்றை ஏற்பதில்லை. ஆயினும் குலமுதல்வரின் பழைய அலகைப் படைப்பிடியிற் பொருத்திக்கொண்டு போருக்குப் போன அதிகாரிகளும் உண்டு. ஆதலாற் பிடியையும் உறையையும் பார்த்து எதுவும் துணிதல் கூடாது. 1945இல் ஒப்படைக்கப்பட்டவற்றுள் அரியன பல அழிந்தன, பல கடல்கடந்தன. ககோசிமா நகரின் தெருக்குனி கோயிலுக்குரிய குனிமுனே வாள் அவ்வாறு காணாமற் போனது. தேசியச் செல்வமெனப் போற்றப்பட்ட அதனை அமெரிக்காவிற் கண்டுபிடித்த கொம்ப்ரன் என்னும் மருத்துவர், 1963இல் விலை ஏதும் பெறாது கோயிலுக்கே திருப்பினார். வாள் சேகரிப்போரை வெறும் பொருட்பித்தர் என்று எண்ணியிருந்த என் கருத்து அன்றோடு போயிற்று.

தாளை எடுத்து நீட்டினேன். முதியவர் கண்ணாடியை மாற்றிக்கொண்டு இறுதியிரு எழுத்துகளைச் சுட்டிச் சிரித்தார். கொத்தெட்சு! மாணாக்கர் துள்ளினார். முதியவர் துள்ளவில்லை. புலியெழுத்தின் வாற்பகுதியை உற்று நோக்கினார். இந்த வளைவு கொல்லனின் உளி இட்டதா, பதின்மூன்று வயதுச் சிறுவனின் பென்சில் இட்டதா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ஏடெழுதியோர் பிழைகளைப்பற்றி ஆண்டுதோறும் வகுப்பிற் பேசுகிறவன் யான்.

பிறகு அவர் மற்ற வினாவைக் கேட்டார். எழுத்துக் குழிக்குள் இருந்த கறள் என்ன நிறம்? கறுப்பா, சிவப்பா?

கண்ணை மூடி நினைத்துப் பார்த்தேன். கிணற்றடி தெரிந்தது, தென்னந்தும்பு தெரிந்தது, நீரோடு வழிந்து என் விரலிடுக்கெல்லாம் ஒட்டியிருந்த சிவப்பும் தெரிந்தது. அது செங்கற்றூளின் சிவப்பு.