காலந்தோறும் மாறும் தொழில் வலை

பெங்களூர் நகரம் கடல் மட்டத்திற்கு மேல் 900 மீட்டர் அளவான உயரத்தில் அமைந்துள்ளது. அதற்கு நீர் வழங்கும் காவிரியோ ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில், மிகத் தாழ்ந்த நிலப்பகுதியில் ஓடுகிறது. தொரேகாடனஹள்ளியில் தூய்மையாக்கப்படும் ஆற்று நீர் அங்கும், ஹாரோஹள்ளி, தாதகுணி ஆகிய இடங்களிலும் மும்முறை இறைக்கப்பட்டு, சுமார் 500 மீட்டர் ஏறி நகரை அடைகிறது. இத்திட்டத்தின் முதற் கட்டம் 1974இல் நிறைவுற்றது, நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் வழங்கவல்ல ஐந்தாம் கட்டம் 2024 அக்டோபரில் தொடங்கப்பட்டது.

ஆயிரம் லிட்டர் நீரை 500 மீட்டர் உயர்த்த, இழப்பே இல்லையெனக் கொண்டாலும் 1.36 யூனிட் மின்சாரம் வேண்டும். ஐந்தாம் கட்டம் முழு அளவில் இயங்கினால் அதற்கு மட்டுமே நாள்தோறும் 10 இலட்சம் யூனிட்டுக்கு மேல் செலவாகும். ஆதலின் எந்த இயந்திரத்தை எப்பொழுது இயக்குவது, எவ்வளவு நீரைத் தேக்கி வைப்பது என்பன சிறு வினாக்கள் அல்ல.

இத்தகைய வினாக்களை ஆராய உதவும் வரைபட முறையொன்றை ஹங்கேரி நாட்டு அறிஞர் பிரீட்லரும், அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபானும், அவர்தம் துணைவரும் 1992இல் வெளியிட்டனர். இரசாயனத் தொழிலுக்கென எழுந்த முறை இது. பொருள்கள் வட்டங்களாகவும், பொருளை மாற்றும் செயல்கள் படுகோடுகளாகவும் வரையப்படும். அம்புக்குறிகள் அவற்றை இணைக்கும். ஆற்று நீர் ஒரு வட்டம், படிகாரம் மற்றொன்று, இவற்றை ஏற்றுத் தெளிந்த நீரைத் தரும் சுத்திகரிப்பு ஒரு கோடு. வரைபடம் தெளிவானதே. தவறு நேர்வது, அதில் ஆண்டுச் சராசரியை இட்டு நிரப்பும்பொழுதுதான்.

நகரின் ஒரு பகுதியை எண்ணுக. விளக்கத்திற்காக, பகல் 12 மணி நேரத்திற்கு 60 இலட்சம் லிட்டரும், இரவு 12 மணி நேரத்திற்கு 20 இலட்சம் லிட்டரும் தேவையெனக் கொள்வோம். சராசரி 40 இலட்சம். சராசரிப் படத்தில் 40 உள்ளே வருகிறது, 40 வெளியே செல்கிறது. இடையில் தொட்டி வீண் செலவென்றே தோன்றும். அதை நம்பித் தொட்டியைக் கைவிட்டால், பகலில் 20 இலட்சம் லிட்டர் குறைவுபடும். குழாயின் கடைக்கோடியில் வசிப்போர் வெறுங்குடத்துடன் நிற்பர்.

இனி, அதே படத்தைப் பகலுக்கு ஒன்றும் இரவுக்கு ஒன்றுமாக இருமுறை வரைந்து, இரவில் தேங்கிய நீரிலிருந்து பகலின் நீருக்கு ஓர் அம்புக்குறி இடுக. தொட்டியின் பயன் உடனே விளங்கும். 20 இலட்சம் லிட்டர் கொள்ளும் தொட்டி இருப்பின், 40 இலட்சம் இறைக்கும் இயந்திரமே இருபொழுதுக்கும் போதும். அன்றி, இயந்திரத்தை 60 ஆகவும் தொட்டியை 40 ஆகவும் பெருக்கினால், இரவில் 60, பகலில் 20 என இறைக்கலாம். இரண்டாவது வழியில் 20 இலட்சம் லிட்டருக்குரிய மின் செலவு, 500 மீட்டர் ஏற்றத்திற்குக் குறைந்தது 2,720 யூனிட், பகலிலிருந்து இரவுக்கு மாறுகிறது. இரவுக் கட்டணம் யூனிட்டுக்கு ஒரு ரூபாய் குறைவாயின், ஆண்டிற்கு ஏறத்தாழ 10 இலட்சம் ரூபாய் மிஞ்சும். பெரிய இயந்திரத்திற்கும் பெரிய தொட்டிக்கும் ஆகும் கூடுதல் ஆண்டுச் செலவு இதனினும் குறைவாயின் இரண்டாவது வழி நன்று, இல்லையேல் முதலாவதே.

இயந்திரம் ஒருமுறை வாங்கப்படுகிறது; இயங்குவதோ ஒவ்வொரு காலத்திலும். ஆகவே வாங்குதலைத் தனிக் கோடாக வரைந்து, அது தரும் கொள்திறனைக் காலந்தோறும் உள்ள இயக்கக் கோடுகளுடன் இணைப்பர். கொள்திறன் நீரைப்போல் பங்கிட்டுத் தீர்வதன்று என்பதை மாணவர்க்கு வற்புறுத்திச் சொல்லுதல் வேண்டும். பகலில் உழைத்த இயந்திரம் இரவிலும் முழு ஆற்றலுடன் கிடைக்கிறது. அளவு விகிதங்களும் காலத்துக்குக் காலம் மாறும். மழைக்காலத்தில் ஆறு கலங்கி வருங்கால் அதே அளவு நீருக்கு மிகுதியான படிகாரம் செல்லும்.

காலங்களைப் பெருக்கினால் கணக்கும் பெருகும். 35 செயல்களைக் கொண்ட ஒரு தொழிலில், செயல்களைச் சேர்க்கும் வகைகள் 3,400 கோடிக்கு மேற்பட்டன. மூலப்பொருளின்றி இயங்கும் செயல், எவருக்கும் பயன்படாத பொருளைத் தரும் செயல் போன்ற பொருந்தாச் சேர்க்கைகளைப் படத்தின் விதிகளாலேயே நீக்கியபின், அவற்றுள் 3,465 மட்டுமே எஞ்சின. ஓர் ஆண்டின் 8,760 மணிகளையும் தனித்தனிக் காலமாகக் கொள்வதும் வேண்டியதில்லை. தேவையும் கட்டணமும் ஒத்த மணிகளை ஒரு காலமாகத் தொகுத்து, அக்காலம் ஆண்டில் எத்தனை மணி நிலவுகிறது என்பதால் பெருக்கினால் போதும்.

இத்தொகுப்பிற்கு அடிப்படை, நிலையங்களில் எழுதப்படும் பதிவேடு. மாத முடிவில் ஒரே மொத்தம் எழுதப்பட்ட ஏட்டிலிருந்து பகலையும் இரவையும் பிரித்தெடுத்தல் இயலாது. தொட்டியின் நீர்மட்டமும் மின்னளவியின் அளவும் மணிதோறும் குறிக்கப்பட்டிருத்தல் வேண்டும்.