மத்தியான வெயிலைச் சுடுநீராகச் சேமித்தல்

1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து, காணி விடுவிக்கப்பட்ட பின்னர் திரும்பிய குடும்பங்களுக்கு முதல் வேலை பற்றை வெட்டுவதும் கிணறு இறைப்பதுமே. மின்கம்பி வந்து சேரும்வரை, பலருக்கு வெளிச்சம் தருவது சோலர் பனலும் பற்றரியும்தான். உங்கள் வீட்டிலும் அப்படியென்றால் இதை வாசியுங்கள்.

ஏன் சுடுநீர்?

நல்ல வெயில் நாளில் பற்றரி மத்தியானத்துக்குள் நிறைந்துவிடும். அதன்பின் பனல் தரக்கூடிய மின் வீணாகும். இன்னொரு பற்றரி விலை கூடியது. சில ஆண்டுகளில் பழுதாகியும் விடும். தண்ணீர் பழுதாகாது. மின்னால் சூடாக்கிய நீரை, வெப்பம் வெளியேறாதபடி உறையிட்ட தாங்கியில் வைத்தால் மறுநாள் காலைவரை சூடாக இருக்கும். பின்லாந்தின் கன்கான்பா நகரில் 2022 முதல் மணலில் இவ்வாறு வெப்பத்தைச் சேமித்துக் கட்டடங்களைச் சூடாக்குகிறார்கள். எங்களுக்கு வீட்டைச் சூடாக்கத் தேவையில்லை. ஆனால் பிள்ளை பெற்ற தாய்க்கும் குழந்தைக்கும் முதியோருக்கும் குளிக்கச் சுடுநீர் வேண்டும்.

விறகுத் தேவையும் குறையும். கண்ணிவெடி அகற்றப்படாத பற்றைக்குள் விறகு தேடி ஒருபோதும் போகவேண்டாம். மண்டையோட்டு எச்சரிக்கைப் பலகையைக் கடக்கவே வேண்டாம்.

எவ்வளவு மின் தேவை?

50 லீற்றர் நீரை 28 பாகை செல்சியசிலிருந்து 60 பாகைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 2 அலகு மின் வேண்டும். 500 வாற் பனல் வெயில் நாளொன்றில் தருவதும் ஏறத்தாழ அவ்வளவே. அந்த நீரைக் கிணற்றுநீருடன் கலந்தால், குளிக்கும் சூட்டில் எட்டு வாளி கிடைக்கும்.

வாங்குமுன் யோசியுங்கள்

• சுடுநீர் மட்டும் போதுமென்றால் பனல் வேண்டாம். பனல் வெயிலில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கையே மின்னாக்கும். வெயிலில் நேரடியாக நீரைச் சூடாக்கும் கூரைத் தொகுதி அதைவிடக் கூடிய பங்கைப் பிடிக்கும். பணமில்லையா? கறுப்பு மை பூசிய பாத்திரத்தை மூடி முற்றத்து வெயிலில் வையுங்கள்.
• பொது மின் இணைப்பு இருந்தால், மேலதிக மின்னை அதற்கு வழங்குவது இலாபமா என்று முதலில் விசாரியுங்கள்.
• மாரி மழைக்காலத்தில் வெயில் குறைவு. அடுப்பைக் கைவிடவேண்டாம்.
• இதற்காகக் கடன்படவேண்டாம்.

கவனம்

• 2,000 வாற் சாதாரண ஹீற்றரைச் சிறிய தொகுதியில் பூட்டவேண்டாம். பனலுக்கு ஏற்ற ஹீற்றரைத் தகுதியுள்ள மின்னியலாளரே பூட்டட்டும்.
• தாங்கிக்கு அமுக்கம் வெளியேற்றும் வால்வும், இணைப்புக்கு நிலத்தொடுப்பும் ட்ரிப் சுவிட்சும் கட்டாயம்.
• 60 பாகை நீர் சில விநாடிகளில் தோலைப் பொசுக்கும். வாளியில் முதலில் குளிர்நீரை விட்டு, பிறகு சுடுநீரைக் கலவுங்கள். பிள்ளைகளைக் கிட்ட விடவேண்டாம்.
• எங்கள் கிணற்றுநீர் சுண்ணாம்புக்கல்லில் ஊறி வருவது. ஹீற்றரில் வெள்ளைப் படிவு ஏறும். அது தடித்தால் நீர் சூடேற நேரமெடுக்கும்; ஹீற்றரும் எரிந்துபோகும். மின்னை நிறுத்தி, ஆறவிட்டு, சில மாதங்களுக்கு ஒருமுறை சுத்தம் செய்யுங்கள்.

முதலில் வெளிச்சம், மிஞ்சிய வெயிலில் சுடுநீர். இந்த ஒழுங்கில் செய்தால் கைக்காசு வீணாகாது.