கையால் இயங்குவதா? தானே இயங்குவதா?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

துப்பாக்கியைப் பற்றி ஒரு மாணவன் எழுதலாமா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். என் தந்தை வங்கிக் காவலர். அவர் தோளில் தொங்கிய இரட்டைக் குழல் துப்பாக்கிதான், எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரியாகப் போகும் என்னைப் படிக்க வைத்தது. ஆகவே, அதன் விஞ்ஞானத்தை அறிய நான் விழைந்தது இயல்பே அன்றோ!

நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இன்றித் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. அமெரிக்காவின் நிலை வேறு. தற்காப்புக்காக வீட்டில் கைத்துப்பாக்கி வைத்திருப்பது குடிமக்களின் உரிமை என்று அந்நாட்டு உச்சநீதிமன்றம் 2008-இல் தீர்ப்பளித்தது. அங்கே வீட்டுக் காவலுக்கு 'ஷாட்கன்' வாங்கச் செல்பவர் முன் ஒரு வினா எழுகிறது: பம்ப் வகையா, செமி ஆட்டோமேட்டிக் வகையா?

ஷாட்கன் பெரும்பாலும் பல ரவைகளை ஒருசேர வீசும் துப்பாக்கி. '12 போர்' என்ற சொல்லைப் பலர் கேட்டிருப்பர். குழலின் விட்டத்துக்குச் சரியாக ஈய உருண்டைகளை வார்த்தால், ஒரு பவுண்டு ஈயத்துக்கு 12 உருண்டைகள் கிடைக்கும் என்பதே அதன் பொருள். அந்த விட்டம் ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர். என் தந்தையின் துப்பாக்கியில் இரண்டு முறை சுட்டால், மடக்கித் திறந்து மீண்டும் தோட்டா இட வேண்டும். நாம் பேசும் இரு வகைகளிலோ பல தோட்டாக்கள் குழலின் அடியிலுள்ள மற்றொரு குழாயில் காத்திருக்கும்.

பம்ப் வகையில், குழலின் கீழுள்ள கைப்பிடியைப் பின்னுக்கு இழுத்தால் வெற்றுத் தோட்டா வெளியே விழும்; முன்னுக்குத் தள்ளினால் புதுத் தோட்டா உள்ளே ஏறும். 1950-இல் வெளிவந்த ரெமிங்டன் 870 இவ்வகையில் பெயர் பெற்றது. செமி ஆட்டோமேட்டிக்கில் இவ்வேலையை வெடிப்பின் ஆற்றலே செய்துவிடும். ஜான் பிரவுனிங் வடிவமைத்து 1902-இல் பெல்ஜியத்தில் உற்பத்தியான ஆட்டோ-5, பின்னியக்கத்தால் இயங்கியது. 1963-இல் வந்த ரெமிங்டன் 1100, குழலிலிருந்து சிறிது வாயுவைப் பிரித்தெடுத்து இயங்கியது.

இங்கே நியூட்டனின் மூன்றாம் விதியை நினைவுகூர்வோம். 32 கிராம் ரவை விநாடிக்கு 400 மீட்டர் வேகத்தில் பாய்ந்தால், 3.2 கிலோகிராம் துப்பாக்கி விநாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் பின்னோக்கித் தோளை உதைக்கும். வெளியேறும் வாயுவையும் கணக்கில் சேர்த்தால் உதை இன்னும் சற்று மிகும். வாயுவால் இயங்கும் வகையில் மொத்த உந்தம் குறைவதில்லை. அது தோளைச் சேரும் காலம் நீள்கிறது. கிரிக்கெட் பந்தைப் பிடிப்பவர் கைகளைப் பின்னிழுப்பது போன்றதே இது. எனவே உதை மென்மையாகத் தோன்றுகிறது.

அப்படியாயின் எது சிறந்தது? மெல்லிய உடலினர்க்கும், ஒரு கையில் காயம்பட்டவர்க்கும் செமி ஆட்டோமேட்டிக் ஏற்றது. ஆனால் விலை அதிகம். சுத்தம் செய்யாவிட்டாலோ வலுக்குறைந்த தோட்டா இட்டாலோ இடையில் சிக்கிக்கொள்ளலாம். பம்ப் வகை எத்தகைய தோட்டாவையும் பெரும்பாலும் ஏற்கும், விலையும் குறைவு. ஆயின் பதற்றத்தில் கைப்பிடியை முழுதும் இழுக்காமல் விட்டால் அடுத்த தோட்டா ஏறாது. 'சடக் சடக்' எனும் அதன் ஓசை கேட்டே திருடன் ஓடிவிடுவான் என்பாரும் உளர். அவ்வோசை நாம் நிற்கும் இடத்தையும் அவனுக்குச் சொல்லிவிடும் என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

இவற்றினும் பெரிய உண்மை ஒன்று உண்டு. அமெரிக்க வீடுகளின் உட்சுவர்கள் பல, மரச்சட்டத்தின் மேல் ஜிப்சம் பலகை அறைந்தவை. பெரிய ரவைகள் அவற்றைத் துளைத்து, அடுத்த அறையில் உறங்கும் குழந்தையையும் எட்டும். எந்த வகை இயந்திரமும் இதைத் தடுக்காது.

எனக்கு ஏழு வயது. தந்தை துப்பாக்கியைத் துடைத்துக் கட்டிலில் வைத்துவிட்டுக் கை கழுவச் சென்றிருந்தார். நான் எதையோ தள்ளி எதையோ இழுத்தேன், 'டிக்' என்றது. குழலுக்கு நேரே என் தங்கை நின்றுகொண்டிருந்தாள். தோட்டாக்கள் தந்தையின் சட்டைப்பையில் இருந்தன. ஓடி வந்த அவர் என்னை அடிக்கவில்லை. "தப்பு என்னுதுடா" என்றார். மறுநாளே இரும்புப் பெட்டியும் பூட்டும் வாங்கினார். இருபதாண்டுப் பணியில் அவர் ஒருவரையும் சுட்டதில்லை. இன்றும் நாள்தோறும் குழலைத் திறந்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டே பூட்டுகிறார்.

பம்ப் வகையா, செமி ஆட்டோமேட்டிக் வகையா என்று கேட்பவர், பூட்டு எங்கே, சாவி யாரிடம், சுவருக்கு அப்பால் யார் என்ற மூன்று வினாக்களுக்கு முதலில் விடை காணட்டும். துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பது அதன் பின்னரே.