நல்ல தண்ணீரில் பிறக்கும் கொசு

தெருவில் ஒருவருக்கு டெங்கு என்று உறுதியானால், அடுத்த நாளே பேரூராட்சியிலிருந்தோ மாநகராட்சியிலிருந்தோ ஆட்கள் வந்துவிடுவார்கள். புகை அடிக்கும் இயந்திரத்தின் சத்தம் தெருமுனையில் கேட்டதும் நாம் எல்லோரும் தவறாமல் ஒரு காரியம் செய்கிறோம்: கதவையும் ஜன்னலையும் இழுத்துச் சாத்துகிறோம். புகை தெருவைச் சுற்றிவிட்டுக் கலைந்துபோகும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி கொசுவோ அந்நேரம் கட்டிலுக்கு அடியிலும், கொடியில் தொங்கும் சட்டைக்குப் பின்னாலும், பீரோ இடுக்கிலும் நிம்மதியாக உட்கார்ந்திருக்கும்.

புகை அடிப்பதே வீண் என்று சொல்ல மாட்டேன். காய்ச்சல் கண்ட வீட்டைச் சுற்றிப் பறந்துகொண்டிருக்கும் கொசுவை அது உடனே குறைக்கும், கதவைத் திறந்து வைத்தால். ஆனால் தண்ணீருக்குள் இருக்கும் புழுவை அது தொடுவதில்லை. ஓரிரு நாளில் அடுத்த ஈடு கொசு இறக்கையோடு வெளியே வந்துவிடும். 'ஏதோ நடவடிக்கை எடுக்கிறார்கள்' என்ற திருப்தியைத் தருவதில் மட்டும் புகைக்கு ஈடு இணை கிடையாது. உண்மையான வேலை நம் கொல்லைப்புறத்திலும் குளியலறையிலும் கிடக்கிறது.

சாக்கடை மேல் போடும் பழி

கொசு என்றதும் நாம் கைகாட்டுவது சாக்கடையைத்தான். சாக்கடையில் வளர்வது பெரும்பாலும் கியூலெக்ஸ். இரவில் காதோரம் ரீங்காரமிட்டுத் தூக்கத்தைக் கெடுப்பதும் யானைக்கால் நோயைப் பரப்புவதும் அதுதான். ஏடிஸ் வேறு ரகம். கறுத்த உடம்பு, காலில் வெள்ளை வெள்ளையாக வளையம். பகலில் கடிக்கும், விடிந்து இரண்டு மூன்று மணி நேரமும், பொழுது சாய்வதற்கு முந்தைய சில மணி நேரமும் அதற்கு உகந்த வேளை. மேசைக்கு அடியில் கணுக்காலைத் தேடி வந்து, சத்தமே இல்லாமல் கடித்துவிட்டுப் போகும். ஒரே ஆளிடம் வயிறு நிறையக் குடிக்கும் பழக்கமும் அதற்கு இல்லை. கொஞ்சம் அசைந்தாலும் எழுந்து அடுத்தவரிடம் போய்விடும். ஒரு வீட்டில் மூன்று பேர் வரிசையாகப் படுப்பதற்கு ஒற்றைக் கொசு போதும்.

இது முட்டையிடத் தேடுவது, வீட்டையொட்டித் தேங்கி நிற்கும் ஓரளவு தெளிந்த நீரை. குடிக்கவும் குளிக்கவும் நாம் பிடித்து வைக்கும் நீர் அதற்கு ரொம்பவே பிடிக்கும். பறப்பதும் அதிக தூரமில்லை. பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்குள் அதன் வாழ்க்கை முடிந்துவிடுகிறது. ஆக, உங்களைக் கடித்த கொசு உங்கள் வீட்டிலோ, எதிர்வீட்டிலோ, பக்கத்து மாடியிலோ பிறந்ததாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். உங்கள் வீட்டை மட்டும் கண்ணாடி மாதிரி வைத்துக்கொண்டால் போதாது என்பதும் இதிலிருந்தே தெரியும்.

தண்ணீர் வராத நாட்களின் நோய்

டெங்குவை மழைக்கால நோய் என்கிறோம். ஐப்பசி, கார்த்திகையில் அது கூடுவதும் உண்மை. ஆனால் நம் ஊர்களில் அதற்கு இன்னொரு பருவம் உண்டு: குழாயில் தண்ணீர் வராத பருவம். வாரத்துக்கு ஒருமுறை, பத்து நாளுக்கு ஒருமுறை தண்ணீர் விடும் ஊர்களில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நீல டிரம்கள் வரிசை கட்டி நிற்கும். சிமென்ட் தொட்டி, சின்டெக்ஸ், அண்டா, குடம் என்று எதையும் விடாமல் பிடித்து வைப்பார்கள். வானத்தில் ஒரு மேகமும் இல்லாத சித்திரையிலும் கொசுவுக்கு இடம் தயார்.

2006-இல் சிக்குன்குன்யா ஊர் ஊராக மூட்டைப் பிடித்து முடக்கியதை மறந்தவர்கள் இருக்க மாட்டார்கள். அதைப் பரப்பியதும் இதே கொசுதான். 2012-இல் திருநெல்வேலிச் சீமையில், குறிப்பாகக் கடையநல்லூர்ப் பக்கம் டெங்கு பெரிதாகப் பரவியது. 2017-இல் தமிழகம் முழுக்க 23 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு டெங்கு பதிவானது.

'தண்ணீரைச் சேமித்து வைக்காதீர்கள்' என்று சுவரொட்டி ஒட்டுவது எளிது. பத்து நாளுக்கு ஒருமுறை தண்ணீர் பிடிக்கும் பெண்ணிடம் அதைச் சொல்ல யாருக்கும் யோக்கியதை இல்லை. எப்படிப் பிடித்து வைப்பது என்றுதான் சொல்ல முடியும். குடிநீர் ஒழுங்காக வருவதும் டெங்கு ஒழிப்பு வேலைதான் என்று அதிகாரிகளிடம் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஊற்றினால் போதாது, தேய்க்க வேண்டும்

பலரும் தவறுவது இந்த இடத்தில்தான். பெண் கொசு முட்டையைத் தண்ணீரில் மிதக்க விடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமாக இருக்கும் உட்சுவரில் ஒட்டவைக்கிறது. ஒரு டிரம்மைக் காலி செய்து உள்ளே பார்த்தால், தண்ணீர் நின்ற கோட்டை ஒட்டி வழவழப்பாக ஒரு படிவு இருக்கும். அதோடு கரித்தூள் ஒட்டியதுபோலத் தெரியும் புள்ளிகளில் முட்டைகளும் இருக்கலாம். டிரம்மைக் கவிழ்த்தால் தண்ணீர் போகும், முட்டை போகாது. காய்ந்த நிலையிலேயே அது மாதக்கணக்கில், எட்டு மாதம் வரைகூட, உயிரோடு இருக்கும். பங்குனியில் காய்ந்துபோன டிரம்மில் ஒட்டியிருந்த முட்டை, ஐப்பசியில் தண்ணீர் பட்டதும் பொரியும். அதனால்தான் 'போன வருஷம் ஒழித்தோமே, இந்த வருஷம் எங்கிருந்து வந்தது' என்று திகைக்கிறோம்.

தேங்காய் நாரோ பிரஷ்ஷோ கொண்டு உட்பக்கத்தை அழுத்தித் தேய்த்துக் கழுவி, கவிழ்த்துக் காயவைத்து, பிறகுதான் மறுபடி நிரப்ப வேண்டும். முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க 7 முதல் 10 நாள் ஆகும் என்பதால், வாரம் ஒருமுறை தேய்த்தால் சுழற்சி அறுந்துவிடும். வெள்ளிக்கிழமை வீடு கழுவிவிடும் வழக்கமுள்ள வீடுகள் டிரம்மையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

தண்ணீர் தீராமல் டிரம்மைக் கழுவ முடியாது என்பவர்கள் மூடுவதையாவது ஒழுங்காக மூட வேண்டும். உடைந்த மூடி, பாதி சாத்திய பலகை, ஓட்டை விழுந்த தகரம் எதுவும் கொசுவுக்குத் தடையில்லை. பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்து வாயில் விரித்து, கயிற்றால் இறுக்கிக் கட்டுவது நல்ல வழி. துணி நடுவில் தொய்ந்து தண்ணீரைத் தொடக் கூடாது. தொய்ந்த குழியில் மழைநீர் நின்றால் அதுவே தொட்டியாகிவிடும்.

வீடு வீடாக வரும் கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர்கள் ஊற்றும் அபேட் மருந்தைப் பற்றியும் வீண் பயம் இருக்கிறது. அவர்கள் தெருமுனை தாண்டுவதற்குள் தண்ணீரையே கொட்டிவிடுகிற வீடுகள் உண்டு. லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்ற அளவுக்குள் இந்த மருந்தைக் குடிநீரிலும் பயன்படுத்தலாம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். வெயிலில் தெருத்தெருவாக நடந்து, பாதி வீடுகளில் 'ஆள் இல்லை, அப்புறம் வாங்க' என்ற பதிலை வாங்கிக்கொண்டு போகிறவர்கள் அவர்கள். கதவைத் திறந்துவிடுங்கள்.

புழு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு டார்ச் போதும். வெளிச்சத்தையோ நிழலையோ நீர்மேல் விழச் செய்தால், மேலே தொங்கிக்கொண்டிருந்த புழுக்கள் நெளிந்து நெளிந்து அடியை நோக்கி ஓடும். பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுத்துப் பாருங்கள், பெரியவர்களைவிடக் கறாராகச் செய்வார்கள்.

கண்ணில் படாத கிண்ணங்கள்

டிரம்மைக் கவனிப்பவர்களும் விட்டுவிடும் இடங்கள் உண்டு. பழைய பிரிட்ஜின் பின்னால், கீழே ஒரு தட்டில் தண்ணீர் சொட்டிச் சேரும். பல வீடுகளில் பிரிட்ஜ் வாங்கிய நாளிலிருந்து அதை யாரும் வெளியே இழுத்ததில்லை. மணி பிளான்ட் வளரும் பாட்டில், பூந்தொட்டிக்கு அடித்தட்டு, ஏசி தண்ணீருக்கு வைத்த வாளி, கிரைண்டர் வந்தபின் கொல்லையில் வானம் பார்த்துக் கிடக்கும் ஆட்டுக்கல், கூரைத் தார்ப்பாய் பறக்காமல் இருக்க ஏற்றி வைத்த டயர், ரப்பர் தோட்டத்தில் பால் எடுத்து முடித்தும் நிமிர்ந்தே இருக்கும் சிரட்டை. பாட்டில் மூடியளவு தண்ணீரே கொசுவுக்குப் போதும்.

இவற்றைவிடப் பெரிய தலைவலி பூட்டிய வீடுகள். பிள்ளைகளோடு சென்னைக்கோ வெளிநாட்டுக்கோ போனவர்களின் மொட்டைமாடித் தொட்டி திறந்து கிடக்கும். அடுக்குமாடி கட்டும் இடத்தில் லிப்ட் வரப்போகும் குழியில் மாதக்கணக்கில் நீர் நிற்கும். கொசு வளர இடம் தருவோர் மீது நடவடிக்கை எடுக்க 1939-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்திலேயே வழி இருக்கிறது; சென்னை மாகாணத்தில் நாட்டு விடுதலைக்கு முன்பே வந்த சட்டம் அது. பிழைப்புக்கு டிரம் வைத்திருப்பவரிடம் காட்டும் கண்டிப்பைக் கட்டுமான முதலாளியிடமும் காட்டினால் நன்றாக இருக்கும்.

காய்ச்சல்காரருக்குத்தான் கொசுவலை

கொசு பிறக்கும்போதே டெங்குவோடு பிறப்பது அரிது. நோயாளியைக் கடித்துத்தான் பெரும்பாலும் வைரஸை வாங்குகிறது. வாங்கிய எட்டு முதல் பன்னிரண்டு நாளுக்குப் பிறகு, சாகும்வரை கடிக்கும் ஆளுக்கெல்லாம் கொடுக்கிறது. ஆகவே காய்ச்சல் அடிக்கும் நாட்களில் நோயாளியைக் கொசு கடிக்காமல் பார்த்துக்கொள்வது, தெருவுக்குச் செய்யும் உதவி. பகலிலும் வலைக்குள் படுக்க வைக்க வேண்டும். நம் வீடுகளில் நடப்பது நேர்மாறு: இரவில் எல்லோரும் வலை கட்டிக்கொள்கிறோம், பகலில் காய்ச்சல்காரர் திண்ணையில் காற்றாடப் படுத்திருப்பார்.

காய்ச்சல் விட்ட அன்றுதான் கவனம்

திடீரென்று கடுங்காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, எலும்பை முறித்தது போன்ற உடல்வலி. இரண்டு நாளுக்கு மேல் போனால் ரத்தப் பரிசோதனை செய்துவிட வேண்டும். முதல் ஐந்து நாளுக்குள் என்.எஸ்.1 பரிசோதனையும், அதன் பிறகு ஐ.ஜி.எம். எலிசா பரிசோதனையும் காட்டிக்கொடுக்கும். அரசு மருத்துவமனைகளில் இதற்குக் கட்டணம் இல்லை. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும், டாக்டர் சொன்ன அளவில். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக், மெஃபனமிக் ஆசிட் போன்ற வலி மாத்திரைகள் ரத்தக்கசிவைக் கூட்டும் என்பதால் அவை கூடாது. மருந்துக் கடையில் 'காய்ச்சலுக்கு ஒரு செட்' கேட்டு வாங்கும்போது இவற்றில் ஒன்று அதில் இருக்கக்கூடும். இதய நோய்க்காக ஆஸ்பிரின் எடுப்பவர்கள் தாமாக நிறுத்தாமல் டாக்டரிடம் கேட்க வேண்டும்.

மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும். 'அப்பாடா' என்று பிள்ளையைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்ப நினைக்கும் அந்த நேரத்தில்தான் ஆபத்து இருக்கிறது. ரத்தக் குழாய்களிலிருந்து நீர்மம் கசிந்து, ரத்த அழுத்தம் சரிவது காய்ச்சல் விடும் அந்த ஒன்றிரண்டு நாளில்தான். கடுமையான வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுத்த மலம், கைகால் சில்லிடுவது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, பிள்ளை துவண்டு கிடப்பது அல்லது காரணமில்லாமல் அனத்துவது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 108-ஐ அழைத்துவிடுங்கள்.

'தட்டணு (பிளேட்லெட்) எவ்வளவு?' என்ற கேள்வியிலேயே குடும்பமே தொங்கிக்கொண்டிருக்கும். எண்ணிக்கை குறைவதை மட்டும் பார்த்துப் பதற வேண்டியதில்லை. நீர்மம் கசிவதைக் காட்டும் பி.சி.வி. ஏறுகிறதா, ரத்த அழுத்தம் எப்படி, சிறுநீர் போகிறதா என்பவற்றையும் டாக்டர் சேர்த்தே பார்ப்பார். ரத்தக்கசிவு இல்லாதபோது தட்டணு ஏற்றுவது பெரும்பாலும் தேவைப்படாது. நோயாளிக்குப் பெரிய மருந்து தண்ணீர்தான்: கஞ்சி, மோர், இளநீர், ஒரு லிட்டர் நீரில் கரைத்த ஓ.ஆர்.எஸ். நிலவேம்புக் குடிநீர் குடிப்பவர்கள் குடிக்கட்டும், அரசே வழங்குகிறது. அதையோ பப்பாளி இலைச் சாற்றையோ நம்பி ஆஸ்பத்திரியைத் தள்ளிப்போடுவதுதான் தவறு.

ஒருமுறை வந்துவிட்டால் இனி வராது என்ற நினைப்பும் சரியில்லை. டெங்கு வைரஸில் நான்கு வகை. ஒன்றுக்கு எதிர்ப்புச் சக்தி வந்தாலும் மற்ற மூன்றும் தாக்கலாம்; இரண்டாம் முறை வேறு வகை வந்தால் கடுமையாகும் வாய்ப்பு கூடுதல்.

பத்து வீடு சேர்ந்தால்

ஆய்வகங்களிலும் வேலை நடக்கிறது. டெங்கு வைரஸ் கொசுவுக்குள் பெருகாமல் தடுக்கும் ஓல்பாக்கியா என்ற நுண்ணுயிரியைப் புகுத்திய ஏடிஸ் கொசுக்களைப் புதுச்சேரியில் உள்ள நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் உருவாக்கியிருக்கிறது. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் இத்தகைய கொசுக்களை விட்ட பகுதிகளில் டெங்கு 77 சதவீதம் குறைந்ததாக 2021-இல் ஆய்வு வெளியானது. அது நம் தெருவுக்கு வரும்வரை நாரும் துணியும் கயிறும்தான் கையில் இருக்கின்றன.

ஒரு தெருவில் பத்து வீட்டுக்காரர்கள் ஒரே நாளில் டிரம்மைத் தேய்த்து, பூட்டிய வீட்டுச் சாவியை வாங்கி மாடியையும் ஒருமுறை பார்த்துவிட்டால் வித்தியாசம் தெரியும். மிச்சத்தைக் கேட்டு வாங்க வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராமசபை கூடுகிறது. நகரங்களில் பகுதி சபை இருக்கிறது. அடுத்த கூட்டத்துக்குப் போகிறவர்கள் புகை அடிக்கச் சொல்லி மனு கொடுப்பதோடு நிற்காமல், குழாயில் வாரத்துக்கு எத்தனை நாள் தண்ணீர் வரும் என்பதையும் எழுதிக் கேளுங்கள்.