இலிஷ் மீனும் இறாலும்: கல்கத்தாவின் மூன்று உதைபந்தாட்டக் கழகங்கள்

வீட்டில் ஆண்பிள்ளைகள் பந்து, பந்து என்று அலைவதைப் பார்த்து, "இந்தப் பந்தில் அப்படி என்னதான் இருக்கிறது?" என்று அலுத்துக் கொள்ளாத தாய்மார் குறைவு. சாப்பாட்டை மறந்து விளையாட்டைப் பார்ப்பவர்கள் எங்கும் உண்டு. ஆனால் எந்தச் சாப்பாட்டைச் சமைப்பது என்பதையே உதைபந்தாட்டம் தீர்மானிக்கும் ஒரு நகரம் இருக்கிறது. அதுதான் கல்கத்தா. 2001ஆம் ஆண்டு முதல் கொல்கத்தா என்று பெயர் மாற்றப்பட்ட அதே நகரம்தான்.

அங்கே ஈஸ்ட் பெங்கால் கழகம் வென்றால் ஆதரவாளர்களின் வீடுகளில் இலிஷ் மீன் சமைப்பார்கள். மோகன் பகான் வென்றால் இறால். எந்தக் கழகம் வெல்கிறதோ அந்தக் கழகத்தின் மீனுக்குச் சந்தையில் விலை ஏறிவிடும் என்பார்கள். இந்த இரண்டோடு மூன்றாவதாக நிற்பது முஸ்லிம்களால் தொடங்கப்பட்ட மொஹமடன் ஸ்போர்ட்டிங் கழகம். இந்த மூன்றின் கதையும் பந்தின் கதை மட்டுமன்று. ஒதுக்கப்பட்டவர்கள் தமக்கென்று ஓர் இடத்தைத் தேடிக்கொண்ட கதை அது.

வெறுங்காலுடன் பெற்ற வெற்றி

உதைபந்தாட்டத்தைக் கல்கத்தாவுக்குக் கொண்டு வந்தவர்கள் ஆங்கிலேயர். வில்லியம் கோட்டையைச் சுற்றியுள்ள பரந்த மைதானத்தில் படைவீரர்களும் வர்த்தக நிறுவனங்களின் வெள்ளைக்கார உத்தியோகத்தர்களும் ஆடினார்கள். வங்காள இளைஞர்கள் வேலிக்கு அப்பால் நின்று பார்த்துத்தான் ஆட்டத்தைக் கற்றார்கள். 1889இல் வட கல்கத்தாவில் மோகன் பகான் கழகம் உருவானது. 1893இல் இந்திய உதைபந்தாட்டச் சங்கம் தொடங்கப்பட்டது. பெயரில் இந்தியா இருந்தாலும் அதன் நிர்வாகம் ஆங்கிலேயர் கையில்தான் இருந்தது. 1898இல் ஆரம்பமான கல்கத்தா லீக் போட்டியில் 1914 வரை இந்தியக் கழகங்களுக்கு இடமே இருக்கவில்லை.

ஆனால் சங்கத்தின் கேடயப் போட்டியில் இந்தியரும் பங்குபற்ற முடிந்தது. 1911 ஜூலை 29ஆம் திகதி அந்தக் கேடயத்துக்கான இறுதி ஆட்டத்தில் மோகன் பகான், ஈஸ்ட் யோர்க்ஷயர் படைப்பிரிவை எதிர்த்து ஆடியது. மோகன் பகான் வீரர் பதினொரு பேரில் சப்பாத்து அணிந்திருந்தவர் ஒருவர் மட்டுமே. மற்றப் பத்துப் பேரும் வெறுங்கால். தொலைவில் நின்ற மக்களுக்குக் கோல் விபரம் தெரிவதற்காகப் பட்டம் ஏற்றிக் காட்டினார்கள். முதலில் கோல் போட்டது படைப்பிரிவுதான். பின்னர் சிப்தாஸ் பாதுரியும் அபிலாஷ் கோஷும் போட்ட கோல்களால் மோகன் பகான் 2 - 1 என்று வென்றது. கேடயத்தை வென்ற முதல் இந்தியக் கழகம் அதுவே.

அந்த அணியில் இருந்தவர்கள் முஸ்லிம்கள் அல்லர். இருந்தும், முஸ்லிம் கழகமொன்றின் அங்கத்தவர்கள் தம் இந்துச் சகோதரர்களின் வெற்றியைக் கண்டு மகிழ்ச்சி மிகுதியால் நிலத்தில் புரண்டார்கள் என்று கல்கத்தாவின் முஸ்லிம் பத்திரிகையொன்று அப்போது எழுதியது. இந்தச் செய்தியை மனதில் வைத்துக் கொள்ளுங்கள்.

ஆட்டத்தில் சேர்க்காததால் பிறந்த கழகம்

1920 ஜூலை 28ஆம் திகதி. ஜோராபகான் என்ற கழகம் மோகன் பகானுடன் ஆட இருந்தது. சைலேஷ் போஸ் என்ற வீரரைக் காரணம் சொல்லாமலே அணியிலிருந்து நீக்கி விட்டார்கள். அவர் கிழக்கு வங்காளத்தைச் சேர்ந்தவர். அதே பகுதியைச் சேர்ந்தவரும் ஜோராபகானின் உபதலைவருமான சுரேஷ் சந்திர சௌத்ரி இதற்காக வாதாடிப் பார்த்தார். பயன் கிட்டவில்லை. கழகத்தை விட்டு வெளியேறினார். சில நாட்களுக்குள், ஓகஸ்ட் 1ஆம் திகதி, ஈஸ்ட் பெங்கால் கழகம் பிறந்தது.

இருபத்தேழு ஆண்டுகளின் பின் இந்தியா பிரிக்கப்பட்டது. கிழக்கு வங்காளம் பாகிஸ்தானுடன் போனது. வீட்டையும் காணியையும் விட்டு, இலட்சக்கணக்கான மக்கள் கல்கத்தாவுக்கு அகதிகளாக வந்தார்கள். வந்த இடத்தில் அவர்களின் பேச்சு வழக்கும் சமையலும் கேலிக்குள்ளாயின. ஊரின் பெயரைத் தாங்கிய ஒரு கழகம் மட்டும் அவர்களுக்கு எஞ்சியிருந்தது. பத்மா நதியின் இலிஷ் மீனை அவர்கள் வெற்றிச் சின்னமாகக் கொண்டதில் வியப்பென்ன? இழந்துபோன ஊரின் சுவை அது. இடம்பெயர்ந்த வாழ்வை அறிந்த எங்கள் நாட்டுக் குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கறுப்பு வெள்ளைச் சட்டை

1891இல் உருவான மொஹமடன் ஸ்போர்ட்டிங் நீண்ட காலம் பேர் சொல்லுமளவுக்கு எதையும் வெல்லவில்லை. 1930களில் கழகத்தின் நிர்வாகத்தில் இருந்தவர்கள் இரண்டு காரியங்களைச் செய்தார்கள். முதலாவது, கல்கத்தாவோடு நின்றுவிடாமல் பெங்களூர் போன்ற தூர நகரங்களிலிருந்தும் திறமையான வீரர்களை வரவழைத்தார்கள். இரண்டாவது, மழையில் மைதானம் சேறாகும்போது சப்பாத்து அணிந்து ஆடப் பழக்கினார்கள். மழைக்காலத்தில் நடைபெறும் போட்டிகளில் வெறுங்கால் வீரர் வழுக்கி விழ, வெள்ளையரின் அணிகள் வென்று வந்தன. அந்த வசதி அவர்களுக்கு இல்லாமற் போனது.

பலன் உடனே கிடைத்தது. 1934இல்தான் மொஹமடன் ஸ்போர்ட்டிங் லீகின் முதற் பிரிவுக்கு வந்தது. வந்த ஆண்டிலேயே சம்பியன் ஆனது. அதுவரை எந்த இந்தியக் கழகமும் அந்த லீகை வென்றதில்லை. 1938 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ச்சியாக அந்தப் பட்டம் அவர்களிடமே இருந்தது. 1936இல் கேடயத்தையும் சேர்த்து வென்றார்கள். 1940இல் தில்லியில், படைப்பிரிவுகளின் கோட்டையாக இருந்த டியூரண்ட் கிண்ணத்தை ரோயல் வோரிக்ஷயர் படைப்பிரிவைத் தோற்கடித்துக் கைப்பற்றினார்கள். அந்தக் கிண்ணத்தை வென்ற முதல் இந்தியக் கழகமும் இதுவே.

அந்த அணியில் ஆடிய முஹம்மத் சலீம் 1936இல் உறவினர் ஒருவருடன் ஸ்கொட்லாந்து சென்றார். கிளாஸ்கோ நகரின் செல்டிக் கழகத்தில் தம் திறமையைக் காட்டினார். சப்பாத்துப் போட்டு அவருக்குப் பழக்கமில்லை. பாதங்களில் துணிக்கட்டுச் சுற்றி ஆடினார். பயிற்சியாளர் அவருடைய காலுக்குக் கட்டுப் போடும் புகைப்படம் இன்றும் இருக்கிறது. அங்கேயே தங்கும்படி கேட்டும், ஊர் நினைவு தாங்காமல் திரும்பி வந்தார். பல்லாண்டுகளின் பின் சலீம் நோயுற்றிருந்தபோது மகன் செல்டிக்குக் கடிதம் எழுதினார். நூறு பவுணுக்கான வங்கிக் காசோலை வந்தது. பணத்தை விட, தந்தையை அவர்கள் மறக்கவில்லை என்பதே தமக்கு மகிழ்ச்சி தந்தது என்று அந்த மகன் கூறியிருக்கிறார்.

பெருமையும் பிரிவும்

ஆனால் 1930களின் இறுதியில் இந்து - முஸ்லிம் அரசியல் கசந்தபோது மைதானத்திலும் அந்தக் கசப்பு இறங்கியது. 1911இல் ஒருவர் வெற்றிக்கு மற்றவர் புரண்டு மகிழ்ந்த அதே நகரத்தில், கழகத்தின் பெயரை வைத்து ஆளைப் பகைக்கும் நிலை வந்தது. பிரிவினைக்குப் பின் மொஹமடன் ஸ்போர்ட்டிங்கின் வீரரும் ஆதரவாளரும் பலர் எல்லைக்கு அப்பால் சென்றனர். எனினும் கழகம் அழியவில்லை. 1960இல் டாக்காவில் ஆகாகான் தங்கக் கிண்ணத்தை வென்றது. பிற மதத்து வீரர்களும் அதன் கறுப்பு வெள்ளைச் சட்டையை அணிந்தார்கள்.

முஸ்லிம் வீரர்கள் மற்றக் கழகங்களின் கண்மணிகளாகவும் விளங்கினார்கள். சுதந்திரத்தை அடுத்த ஆண்டுகளில் ஈஸ்ட் பெங்காலின் முன்னணியில் ஆடிய ஐவரை மக்கள் "பஞ்ச பாண்டவர்" என்றே அழைத்தார்கள். வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அஹமத் கான், சாலே என்பவர்களே அந்த ஐவர். ஐவரும் தென்னிந்தியர். இருவர் முஸ்லிம்கள்! ஹைதராபாத்திலிருந்து வந்த முஹம்மத் ஹபீப், அவருடைய தம்பி அக்பர் ஆகிய இருவரும் மூன்று கழகங்களுக்கும் ஆடியவர்கள். 1977இல் பெலே தம் கொஸ்மோஸ் அணியுடன் கல்கத்தா வந்தபோது 2 - 2 என்று முடிந்த ஆட்டத்தில் மோகன் பகானுக்காக ஒரு கோல் போட்டவர் இந்த ஹபீப்தான்.

அன்பு வெறியானால் என்ன நடக்கும் என்பதற்கும் இந்நகரமே சாட்சி. 1980 ஓகஸ்ட் 16ஆம் திகதி ஈடன் கார்டன் அரங்கில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் ஆடும்போது பார்வையாளர் மத்தியில் கைகலப்பு மூண்டது. நெரிசலில் 16 பேர் உயிரிழந்தார்கள். விளையாட்டுப் பார்க்கப் போன பதினாறு பிள்ளைகளுக்காகப் பதினாறு வீடுகளில் சோறு காத்திருந்தது. அந்நாளில் அங்கே இரத்த தானம் செய்து அவர்களை நினைவு கூர்கிறார்கள். கொடுக்கும் இரத்தம் எந்தக் கழகத்து ஆதரவாளருக்குப் போகும் என்று எவரும் கேட்பதில்லை.

பெண்களும் பந்தும்

இவ்வளவும் ஆண்கள் கதைதானே என்று கேட்கலாம். கல்கத்தா வீராங்கனை சாந்தி மல்லிக் 1983இல் அர்ஜுனா விருது பெற்றார். உதைபந்தாட்டத்துக்காக அவ்விருதைப் பெற்ற முதல் பெண் அவர். 2024 - 25 பருவத்தில் இந்திய மகளிர் லீகை வென்றது ஈஸ்ட் பெங்காலின் பெண்கள் அணி. மொஹமடன் ஸ்போர்ட்டிங்கும், நாற்பது ஆண்டுகளின் பின் 2021இல் கல்கத்தா லீகை மீண்டும் வென்று, 2024இல் ஐ-லீக் சம்பியனாகி நாட்டின் உயர்மட்ட லீகில் நுழைந்தது. அங்கே முதற் பருவத்தில் கடைசி இடமே கிடைத்தது என்பதும் உண்மை.

எனினும் அந்நகரத்து ஆதரவாளர்களின் மிக உயர்ந்த நாள் எந்தக் கோலும் விழாத ஒரு நாள் என்றே சொல்ல வேண்டும். 2024 ஓகஸ்ட் 9ஆம் திகதி, கல்கத்தாவின் அரசாங்க வைத்தியசாலையொன்றில் கடமையிலிருந்த இளம் பெண் வைத்தியர் ஒருவர் பாலியல் வல்லுறவுக்குள்ளாக்கப்பட்டுக் கொலை செய்யப்பட்டார். 18ஆம் திகதி மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோத இருந்தன. பாதுகாப்பைக் காரணம் காட்டி ஆட்டம் நிறுத்தப்பட்டது. ஆயினும் ஆதரவாளர்கள் அரங்கின் வாசலுக்கு வந்தார்கள். நூறாண்டாகப் பகை பாராட்டியவர்கள், மற்றக் கழகத்துக் கொடியை ஏந்தியவரைத் தோளில் சுமந்து, அந்தப் பெண்ணுக்கு நீதி கேட்டார்கள். மொஹமடன் ஸ்போர்ட்டிங் ஆதரவாளர்களும் வந்து சேர்ந்து கொண்டார்கள். பொலிஸார் தடியடி நடத்திய போதும் அவர்கள் பிரிந்து நிற்கவில்லை.

மூன்று கழகங்களும் பிறந்ததற்குக் காரணம் ஒன்றே. "உனக்கு இங்கே இடமில்லை" என்று யாரோ சொன்னார்கள். தனக்கென ஒரு வீட்டைக் கட்டிக் கொள்வதில் தவறில்லை. அது தேவையும் கூட. ஆனால் கட்டிய வீட்டின் கதவை அடுத்தவன் முகத்தில் அடைத்துவிட்டால், நமக்கு நேர்ந்ததையே நாமும் பிறருக்குச் செய்தவர்களாகிறோம்.

எனவே மகன் பந்தோடு வெளியே இறங்கும்போது, "எந்த அணி வென்றது?" என்று மட்டும் கேட்காதீர்கள். "தோற்ற பிள்ளைகளுக்குக் கை கொடுத்தாயா?" என்றும் கேளுங்கள். மகள் பந்தைக் கேட்டால், அவளுக்கும் கொடுங்கள்.